லாக் போட்டால் இழுக்குமா?

விக்கிரவாண்டி வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுபவர்களிடம் டிஃபரன்ஷியல் லாக் எதற்கு என்று கேட்டால், ‘வண்டி இழுக்கலன்னா மிதிக்கறதுக்கு’ என்றுதான் பதில் வரும். கரும்பு ஏற்றிய டிரெய்லர் வரப்பைத் தாண்ட முரண்டு பிடித்தாலும் சரி, சேடை ஓட்டும்போது சக்கரம் வெறுமனே சுற்றினாலும் சரி, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏற வண்டி திணறினாலும் சரி, வலது குதிகால் தானாக அந்தச் சின்னப் பெடலைத் தேடிப் போகிறது. ரிமோட்டில் ஓடும் லாரி பொம்மைகளை வைத்திருக்கும் இளைஞர்களிடம் இதே நம்பிக்கை இன்னும் முற்றிய நிலையில் இருக்கிறது. அவர்களுக்கு மிதிக்கும் வேலைகூட இல்லை. டிஃபரன்ஷியலுக்குள் பசை ஊற்றியோ, ஸ்பூல் என்கிற ஒற்றைத் துண்டைப் பொருத்தியோ இரண்டு சக்கரத்தையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறார்கள். அப்படிப் பூட்டிய பொம்மை பாறைமேல் ஏறுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘பெரிய வண்டிக்கும் வெல்டு அடித்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். லாக் என்றால் பலம், கூடுதல் லாக் என்றால் கூடுதல் பலம் என்பது இந்தப் பேச்சின் அடித்தளம். அந்த அடித்தளமே தவறு. லாக் வண்டிக்கு ஒரு துளி பலத்தையும் சேர்ப்பதில்லை. இருக்கிற இழுவைக்குப் போடப்பட்டிருந்த ஒரு வரம்பை அது நீக்குகிறது, அவ்வளவுதான். அந்த வரம்பு எங்கே குறுக்கே நிற்கிறதோ அங்கே மட்டும் அதை நீக்குவதில் பயன் உண்டு. நம் பக்கத்தில் லாக்கை அதிகம் நம்புகிற இடங்களோ பெரும்பாலும் அந்த வரம்பு குறுக்கே நிற்காத இடங்கள், அல்லது அது இருந்தே ஆக வேண்டிய இடங்கள்.

டிஃபரன்ஷியலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள நுகத்தடியை நினைத்தால் போதும். நுகத்தடி நடுவில்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு மாடு பின்தங்கினால் தடி அந்தப் பக்கம் சாயும். வலுவான மாடு எவ்வளவு முயன்றாலும், இளைத்த மாடு கொடுக்கிற அளவுக்கு மேல் அதன் இழுப்பு வண்டிக்குப் போய்ச் சேராது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இருக்கிற ஸ்டார் பினியன்கள் செய்வதும் இந்த வேலைதான். இடது அச்சுக்கும் வலது அச்சுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கின்றன, வேகத்தை மட்டும் அந்தந்தச் சக்கரத்தின் தேவைக்கு விட்டுவிடுகின்றன. அதனால் ஒரு சக்கரம் சேற்றில் 100 கிலோ அளவுக்கு மட்டுமே பிடிப்பு கொடுத்து, மற்றது கெட்டித் தரையில் 600 கிலோ வரை தாங்கக்கூடியதாக இருந்தாலும், கிடைக்கிற மொத்த இழுவை 200 கிலோதான். லாக்கைப் போட்டால் நுகத்தடி ஏர்க்காலோடு ஆணியடித்துப் பூட்டப்பட்டதாகிவிடும். இழுவை 700 கிலோவாகும். ‘பார்த்தாயா, மூன்றரை மடங்கு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் 500 கிலோவும் எஞ்சினிலிருந்து புதிதாகப் பிறந்ததல்ல. கெட்டித் தரையில் நின்ற சக்கரத்திடம் முன்பே இருந்தது, பயன்படாமல் கிடந்தது. இப்போது அது முழுக்க ஒரே ஒரு அச்சுத்தண்டின் வழியாகப் போகிறது. இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்தே லாக்கின் இடம் எது என்பது விளங்கிவிடும். இரண்டு சக்கரங்களின் பிடிப்பும் வேறுவேறாக இருக்கும்போது மட்டும்தான் அதனால் லாபம். கலப்பை போட்டு உழும்போது ஒரு சக்கரம் படைச்சாலுக்குள் ஓடும், மற்றது உழாத மண்மேல் ஓடும். பிடிப்பு இரண்டிலும் ஒன்றல்ல, வண்டியும் நேராகப் போகிறது. லாக்கை வைத்ததற்கு முதல் காரணமே இந்த வேலைதான். கரும்பு வயலை விட்டு வெளியேறும்போது ஒரு டயர் வாய்க்கால் ஈரத்திலும் இன்னொன்று காய்ந்த வரப்பிலும் நிற்கிற அந்தப் பத்தடி தூரமும் அப்படியே. சேடை ஓட்டுகிற வயல் இதற்கு நேர் எதிர். தண்ணீர் கட்டி, தொளி கலங்கி, இரண்டு சக்கரமும் ஒரே சேற்றில் ஒரே ஆழத்தில் நிற்கின்றன. இடதுக்கு 150 கிலோ பிடிப்பு என்றால் வலதுக்கும் ஏறத்தாழ அதுதான். திறந்த டிஃபரன்ஷியலில் 300 கிடைக்கும், பூட்டினாலும் 300-தான் கிடைக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழன்று சேர்ந்தே பள்ளம் பறிக்கும். அங்கே சேற்றுக்கென்று மாட்டுகிற இரும்புக் கேஜ் வீல் பேசுகிற அளவுக்கு லாக் பேசாது. ஆனாலும் வண்டி அச்சுவரை புதைகிற வரைக்கும் குதிகாலை எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. லாக் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வதும் பல நேரங்களில் இந்த வயலிலிருந்துதான் வருகிறது. லாக் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும், அந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

பயன் இல்லாததோடு முடிந்தால் பரவாயில்லை. திருப்பத்தில்தான் அது பகையாகிறது. 45 குதிரைத்திறன் வகை டிராக்டர் ஒன்றின் பின்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி செங்கோணமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 2.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வயல் கடைசியில் திரும்பி அடுத்த சாலுக்கு வரும் அரைவட்டத்தில் அந்த வித்தியாசம் 4.4 மீட்டர். அந்த வகை வண்டிகளுக்குப் பரவலாகப் போடப்படும் 13.6-28 டயரின் சுற்றளவே 4.1 மீட்டர் அளவுதான். அதாவது ஒவ்வொரு அரைத் திருப்பத்துக்கும் ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு முழுச் சுற்றுக்கும் மேலாகச் சுற்றியாக வேண்டும். ‘மெதுவா, பெரிசா வளைச்சா ஒண்ணும் ஆகாது’ என்கிற சமாதானம் இங்கே எடுபடாது. இந்த வித்தியாசத்துக்கும் வளைவின் ஆரத்துக்கும் தொடர்பே கிடையாது. சக்கர இடைவெளியும் திரும்பிய கோணமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பத்தடியில் திரும்பினாலும் அரை ஏக்கரைச் சுற்றித் திரும்பினாலும் அந்த 4.4 மீட்டரைக் கட்டித்தான் ஆக வேண்டும். பெரிய வளைவு தவணையை நீட்டுகிறது, அசலைக் குறைப்பதில்லை.

அதை யார் கட்டுவது? லாக் போட்டிருந்தால் இரண்டு சக்கரமும் சமமாகத்தான் சுற்றும், எனவே ஏதாவது ஒரு டயர் தரைமேல் தேய்ந்து வழுக்கித்தான் கணக்கைச் சரிசெய்ய முடியும். ஈர மண்ணில் மண் விட்டுக்கொடுத்துவிடும். தார்ச்சாலை விட்டுக்கொடுக்காது. டிரெய்லரின் மூக்குச் சுமையும் சேர்ந்து ஒரு பின்சக்கரத்தின்மேல் 800 கிலோ அழுத்துகிறது என்றால், காய்ந்த தாரில் அந்த டயரை வழுக்க வைக்க 500, 600 கிலோ விசை வேண்டும். அந்த விசை எஞ்சினிலிருந்து வண்டியை முன்னே தள்ளுவதற்கு வருவதல்ல. ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தை அச்சின் வழியாகவே முறுக்குவதால் வருவது. அரை அச்சு, கிரவுன், லாக்கின் பற்கள் எல்லாம் அந்த முறுக்கைத் தாங்கி நிற்கின்றன. நேராகப் போனால் இந்தப் பிரச்சினை இல்லையே என்று கேட்கலாம். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்று ஓடும் டிராக்டர்கள் எத்தனை என்று சாலையில் நின்று பார்த்தால் தெரியும். சுற்றளவில் நூற்றுக்கு இரண்டு வித்தியாசம் இருந்தாலே, அம்பு போல நேராகப் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் கணக்கு இடிக்கும். விக்கிரவாண்டியிலிருந்து முண்டியம்பாக்கம் போவதற்குள் அந்த அச்சு எத்தனை முறை முறுக்கி விடுவிக்கப்படும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் புத்திசாலித்தனமான ஒரு எதிர்க்கேள்வி வரும். ரயிலுக்கு டிஃபரன்ஷியலே கிடையாதே, விழுப்புரம் ஜங்ஷனுக்குள் நுழைகிற ஒவ்வொரு பெட்டியின் இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கித்தானே பொருத்தப்பட்டிருக்கிறது, அது எப்படித் திரும்புகிறது? நல்ல கேள்வி. ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானதல்ல, கூம்பு வடிவம். ஒன்றுக்கு இருபது என்ற சரிவில் உள்பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் கடையப்பட்டது. வளைவில் அச்சு வெளிப்பக்கம் சற்று நகரும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவில் ஓடுகிறது, உள்சக்கரம் சிறிய சுற்றளவில் ஓடுகிறது. டிஃபரன்ஷியலின் வேலையைச் சக்கரத்தின் வடிவமே செய்துவிடுகிறது. அதற்கும் எல்லை உண்டு. அதனால்தான் ரயில் பாதையின் வளைவுகளை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரத்தில் போடுகிறார்கள், அதனால்தான் யார்டுகளின் குறுகிய வளைவில் சக்கரம் கிறீச்சிடுகிறது, தண்டவாளம் தேய்கிறது. பந்தயத்தில் ஓடும் கோ-கார்ட்டுக்கும் பின்னச்சு ஒரே தண்டுதான். ஆனால் அதன் முன்சக்கர அமைப்பே, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாகத் தூக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பூட்டிய அச்சு ஓடுகிற இடமெல்லாம் அந்தப் பூட்டை ஏமாற்ற வேறு ஏதோ ஒரு தந்திரம் கூடவே ஓடுகிறது. டிராக்டர் டயருக்குக் கூம்பும் கிடையாது, தூக்கும் வழியும் கிடையாது. 1820களின் இறுதியில் பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை எடுத்தது இந்தக் கணக்கு இடித்ததால்தான். நம் ஊர் ஆட்டோ ரிக்‌ஷாவின் சின்னப் பின்னச்சில்கூட இன்றைக்கும் அது இருக்கிறது. செலவைக் குறைக்க எதை வேண்டுமானாலும் வெட்டுகிற தொழிலில் அதை மட்டும் யாரும் வெட்டவில்லை.

அடுத்து பொம்மை வண்டி. எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சி இதுதான் என்பதால் இதைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. பாறை ஏறும் ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 போன்ற பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் தொழிற்சாலையிலேயே பூட்டித்தான் வருகின்றன. அவை திரும்புகின்றன, ஏறுகின்றன, எளிதில் அச்சு முறிவதில்லை. உண்மைதான். ஆனால் அளவு மாறும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதும் உண்மை. 2,000 கிலோ ஜீப்பை எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகி 2 கிலோ ஆகும். டயரை வழுக்க வைக்கத் தேவையான விசையும் அதே ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த விசை சக்கரத்தின் ஆரத்தின் வழியாக அச்சை முறுக்குகிறது, ஆரமோ பத்தில் ஒன்றாகிவிட்டது. எனவே அச்சின்மேல் வரும் முறுக்கு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அச்சுத்தண்டின் முறுக்கு தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, அது ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. அதே இரும்பு, அதே வடிவம், ஆனால் பொம்மையின் அச்சு தன் வேலைக்குத் தேவையானதைவிடப் பத்து மடங்கு அதிகப் பாதுகாப்போடு நிற்கிறது. எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்குவதும் யானையால் அது முடியாததும் இதே கணக்கால்தான். பொம்மை வண்டியில் டயருக்குள் காற்றுக்குப் பதில் பஞ்சு, பின்னால் டிரெய்லர் இல்லை, ஓடுவது நடை வேகத்துக்கும் குறைவாக, உடைந்தால் நஷ்டம் ஒரு சின்னத் தண்டு. அந்த வீடியோ எதையும் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சாட்சி சொல்வது பொம்மையைப் பற்றி மட்டும்தான்.

பொம்மை உலகமே இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் வந்த டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியாகப் பூட்டவும் திறக்கவும் ரிமோட்டிலேயே சுவிட்ச் வைத்தார்கள். அதற்காகக் கூடுதலாகச் சின்ன மோட்டார்கள், கம்பிகள், எடை. நிரந்தரமாகப் பூட்டுவதே மேல் என்றால் ஒரு நிறுவனம் இவ்வளவு பாடுபட்டு அதைத் திறக்க வழி செய்திருக்குமா? வேகமாக ஓடும் பந்தயப் பொம்மை லாரிகளில் கதை இன்னும் தெளிவு. அங்கே டிஃபரன்ஷியலுக்குள் சிலிகான் எண்ணெய் ஊற்றுகிறார்கள். மெல்லிய எண்ணெய் என்றால் சக்கரங்கள் சுதந்திரமாகப் பிரிந்து ஓடும், கெட்டியானால் ஏறத்தாழ பூட்டியது போல ஆகும். சில ஆயிரம் என்ற தடிப்பு எண்ணிலிருந்து பல லட்சம் வரை எண்ணெய் வகைகள் விற்கின்றன. தரை மாறினால் எண்ணெயை மாற்றுகிறார்கள். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று வகை ஊற்றுகிறார்கள். பிடிப்புள்ள தரையில் பின்னச்சை முழுக்கப் பூட்டினால் வண்டி திருப்பத்தில் நேராகவே தள்ளிக்கொண்டு போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பசை ஊற்றிப் பூட்டச் சொல்கிற குரல்தான் சத்தமாகக் கேட்கிறது, பந்தயம் ஜெயிப்பவர்கள் எண்ணெய்ப் புட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

‘வருஷக் கணக்கா லாக் போட்டே ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே’ என்பது அனுபவத்தின் பேரில் வரும் மறுப்பு. அனுபவத்தை மதிக்க வேண்டும், ஆனால் இரும்பு உடைகிற விதம் அனுபவத்துக்கு எளிதில் பிடிபடாது. ஒரே அடியில் முறியும் அச்சு குறைவு. முறுக்கி விடுவித்து, முறுக்கி விடுவித்து உள்ளே மயிரிழை விரிசல் வளர்ந்து, கடைசியில் சமதரையில் காலி டிரெய்லரோடு போகும்போது ‘டக்’ என்று போய்விடும். அன்றைக்கு லாக்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், எனவே பழி ‘மட்ட இரும்பு’மீது விழும். லாக் பெடலின் அமைப்பையே சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரைக் கையால் நிறுத்தி வைக்க நெம்புகோல் இருக்கிறது, பிரேக்கை இழுத்து மாட்ட பல்சக்கரம் இருக்கிறது. லாக்குக்கு மட்டும் ஸ்பிரிங். மிதித்தால்தான் பிடிக்கும், காலை எடுத்தால் திரும்ப வரும். வண்டி செய்தவர் இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்ல முடியும்? அதன்மேல் கல்லை வைத்தோ கம்பியால் கட்டியோ ஓட்டினால், அவர் சொன்னதைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வதுதான். இன்னொன்று, காலை எடுத்த பிறகும் லாக் உடனே விடுபடாமல் இருக்கலாம். பற்கள் இரண்டும் முறுக்கின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்வி நிற்கும், ஸ்பிரிங்கால் அதை இழுக்க முடியாது. கிளட்சை மிதித்து அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், அல்லது இடது பிரேக்கையும் வலது பிரேக்கையும் மாற்றி மாற்றி லேசாகத் தட்ட வேண்டும். காலை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பூட்டிய அச்சோடு சாலையில் திரும்புவதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

அந்த ஆபத்து உதிரிப் பாகங்களோடு நிற்பதில்லை. பூட்டிய பின்னச்சு வண்டியை நேராகவே போகச் சொல்கிறது, ஸ்டியரிங் திரும்பச் சொல்கிறது. கரும்பு ஏற்றிய டிரெய்லர் கொக்கியை அழுத்தும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் ஏற்கெனவே எடை குறைந்து மிதக்கின்றன. இந்தச் சண்டையில் தோற்பது முன்சக்கரம்தான். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் வண்டி எதிர்த் தடத்துக்குள் போய்விடும். இடம் நெடுஞ்சாலைச் சந்திப்பாக இருந்தால் சொல்லவே வேண்டாம். வயலில் இன்னொரு விதம். சக்கரம் புதைந்து சுற்ற முடியாமல் நிற்கிறது, லாக் போட்டாயிற்று, கிளட்சை ‘டப்’பென்று விடுகிறார்கள். எஞ்சினின் முறுக்கு எங்கேயாவது போயாக வேண்டும். சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை என்றால் அது உடலைச் சுற்றும். பின்னச்சை மையமாக வைத்து முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர்மேலேயே கவிழும். அதற்கு ஒன்றரை நொடி போதும், கால் கிளட்சுக்குத் திரும்பிப் போவதற்குள் முடிந்துவிடும். திறந்த டிஃபரன்ஷியலில் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி புதைந்திருந்தால் இதே கதிதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரம் சற்றுத் தளர்வாக இருக்கும். திறந்த டிஃபரன்ஷியலில் அது வெறுமனே சுழன்று அந்த முறுக்கை வெளியேற்றிவிடும். பயனற்றது என்று நாம் திட்டுகிற அந்தச் சுழற்சிதான் அங்கே உயிர்காக்கும் வால்வு. லாக் அதை அடைத்துவிடுகிறது. சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி வண்டியை மேலே எடுக்கிற பழக்கமும் இதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெல் விளையும் மாவட்டங்கள் எல்லாவற்றிலும் துக்க வீடுகள் உண்டு.

இனி, புறக்கணிக்க முடியாத ஒரு நியாயம் பாக்கியிருக்கிறது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் கரும்பு காத்திருக்காது. வெட்டிய கரும்பு நாள் தள்ளத் தள்ள எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அரவை மழையோடு தொடங்குகிற ஆண்டுகளில் வயல் காய்கிற வரை ஆள்களை நிறுத்தி வைக்க முடியாது. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட சேற்றிலிருந்து வண்டியை எடுப்பவரிடம் போய் ‘லாக்கைத் தொடாதே’ என்று உபதேசம் செய்ய இந்தக் கட்டுரைக்குத் தகுதி இல்லை. செய்யவும் இல்லை. கேள்வி வேறு: அந்தச் சேற்றில் முதலில் எதைச் செய்வது? இழுவை என்பது சக்கரத்தின்மேல் இருக்கும் எடையும் மண்ணோடு அதன் பிடிப்பும்தான். 13.6-28 டயர் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் அடைத்தால் ஏறத்தாழ 200 லிட்டர், இரண்டுக்கும் சேர்த்து 400 கிலோ எடை. இது லாக்கைப் போல ஒரு சக்கரத்தை மட்டும் நம்பியிருப்பதல்ல, திருப்பத்திலும் இருக்கும், நேரிலும் இருக்கும். டிரெய்லர் இழுப்பதற்காகக் கல்லாக ஏற்றிய காற்றோடு வயலில் இறங்குபவர்கள் மண்ணைத் தொடுகிற பரப்பைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள். வயல் வேலைக்கு 12 முதல் 14 பவுண்டு காற்று பல டயர்களுக்குப் போதும், சாலைக்கு ஏறும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நல்ல இழுவைக்குச் சக்கரம் கொஞ்சம் வழுக்கத்தான் வேண்டும், நூற்றுக்கு 8 முதல் 15 வரை. துளியும் வழுக்காத வண்டி தேவைக்கு மேல் எடை சுமக்கிறது என்று பொருள், ஆகவே சக்கரம் சற்றுச் சுழன்றதும் பதறி லாக்கை மிதிக்க வேண்டியதில்லை. சுமையை வயலுக்குள்ளேயே முழுக்க ஏற்றாமல், பாதியைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்து மீதியை அங்கே ஏற்றுவது கூலிக் கணக்கில் இடிக்கும்தான். அச்சு உடைந்து அரவைப் பருவத்தில் வண்டி பட்டறையில் நின்றால் அதைவிட அதிகமாக இடிக்கும்.

ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது என்றால் லாக்குக்கு முன் இன்னொரு கருவி காலடியிலேயே இருக்கிறது. டிராக்டருக்கு இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் இருப்பது வயலில் திரும்புவதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுழலும் சக்கரத்தின் பிரேக்கை லேசாக அழுத்தினால், டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் எதிர்ப்பு கூடியதாக உணர்ந்து மறுபக்கத்துக்கும் அதே அளவு முறுக்கை அனுப்பும். நுகத்தடிக் கணக்கையே நமக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறோம். இதில் கொஞ்சம் சக்தி வீணாகும், லைனிங் தேயும், தொடர்ந்து செய்தால் சூடேறும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காலை எடுத்த கணமே விடுபட்டுவிடும், பற்கள் கவ்விக்கொண்டு நிற்காது. சாலைக்கு வந்ததும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கியிட மறக்கக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு லாக்கையே கழற்றிப் போடச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. லாக்கைத் தொட்டால் கிரவுன் போய்விடும் என்று பயந்து, படைச்சாலில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்றி டயரைத் தின்னும்போதும் பெடல் பக்கமே போகாத பழைய ஓட்டுநர்கள் சிலர் உண்டு. அவர்கள் டீசலையும் டயரையும் தேவையில்லாமல் தண்டம் கட்டுகிறார்கள். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது மிதித்தால்தான் பற்கள் மோதி உடையும். வண்டியை நிறுத்தி அல்லது கிளட்சை மிதித்துச் சுழற்சி அடங்கிய பிறகு, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது மிதித்து, பத்தடி நகர்ந்ததும் காலை எடுத்தால் கிரவுனுக்கு ஒன்றும் ஆகாது. வண்டி உண்மையிலேயே அச்சுவரை புதைந்துவிட்டது என்றால் லாக்குக்கும் வேலை இல்லை, கட்டைக்கும் வேலை இல்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு ரிவர்ஸில் எடுத்துப் பார்க்கலாம், ரிவர்ஸ் முறுக்கு முன்பக்கத்தைத் தூக்காமல் கீழே அழுத்தும். அதற்கும் வராவிட்டால் வேறொரு டிராக்டரை வரவழைத்து, முன்கொக்கியில் கயிறு கட்டி, ஆள்களைக் கயிற்றிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும். அந்த இரண்டாவது டிராக்டர் கெட்டித் தரையில் நேராக நிற்கும், அதில் லாக்கைத் தாராளமாக மிதிக்கலாம்.